கூச்சிங்குக்குப் போய் வாருங்கள். அண்ணனின் கார்டை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: பட்டர்வொர்த்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு 34 வயது, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். நான் கிளினிக் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இருவருக்கும் சேர்த்து 6,300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கைக்கு வருகிறது. திருமணமாகி ஆறு ஆண்டுகளில் தைப்பூசத்துக்கும் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்கும் தவிர எங்கும் போனதில்லை. மூன்று நாள் சரவாக்கில் உள்ள கூச்சிங் போய் வர ஆசை. விமான டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,400 வெள்ளி ஆகும். கையில் 1,100தான் இருக்கிறது. மீதியைப் பேலேட்டரில் (இப்போது வாங்கிப் பிறகு கட்டும் வசதி) ஆறு தவணையாகப் போடலாம், இல்லாவிட்டால் ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பின் மூன்றாம் கணக்கிலிருந்து எடுக்கலாம் என்கிறார் கணவர். விமான மைல் தரும் புதிய கிரெடிட் கார்டு ஒன்றுக்கும் விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருக்கிறார். இருக்கிற கார்டில் 9,000 வெள்ளி கடன் இரண்டு ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. அது எங்கள் செலவு இல்லை. கணவரின் அண்ணன் லாரி ஓட்டுகிறார். டீசல், டயர் செலவுக்காக அவருக்குத் துணைக் கார்டு எடுத்துக் கொடுத்தோம். மாதம் 450 வெள்ளி தந்துவிடுவார். போன ஆண்டு நான்கு முறைதான் தரவில்லை. அவர் தருவார் என்று காத்திருந்து, கெடு தாண்டிய பிறகு நாங்களே கட்டினோம். கணவரைப் படிக்க வைத்தவர் அவர், அதனால் எதுவும் கேட்க முடியவில்லை. பயணத்தைத் தள்ளிப்போடட்டுமா?

பதில்: தள்ளிப்போட வேண்டாம், சகோதரி. 6,300 வெள்ளி வருமானமுள்ள வீட்டை 2,400 வெள்ளிப் பயணம் கவிழ்த்துவிடாது. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, "நான்கு முறைதான்" என்று எழுதினீர்களே, அந்தத் 'தான்'.

அந்த நான்கு முறையின் விலையைப் போட்டுப் பார்ப்போம். நான்கு 450, ஆக 1,800 வெள்ளி. கெடு தாண்டியதற்கு வங்கி நிலுவையில் ஒரு விழுக்காட்டைத் தாமதக் கட்டணமாக எடுக்கும். 9,000 வெள்ளிக்கு அது 90. நான்கு முறைக்கு 360. மொத்தம் 2,160 வெள்ளி. கூச்சிங் பயணத்துக்கு ஆகும் பணத்தில் பெரும்பகுதி போன ஆண்டே உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது.

இதற்கு மேல் வட்டி இருக்கிறது. நம் நாட்டில் பன்னிரண்டு மாதமும் தவறாமல் கெடுவுக்குள் கட்டியவருக்கு 15 விழுக்காடு, பத்து மாதமாவது கட்டியவருக்கு 17, அதற்கும் கீழே போனால் 18. நான்கு மாதம் தவறிய உங்கள் கணவர் 18-இல் நிற்கிறார். மாதத்துக்கு 135 வெள்ளி, ஆண்டுக்கு 1,620.

அண்ணன் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் தரும் 450, நிலுவையில் ஐந்து விழுக்காடு. வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகை அது. அதைத் தந்துவிட்டால் கடனைக் கட்டுகிறோம் என்று அவர் மனப்பூர்வமாக நம்புகிறார், நீங்களும் நம்புகிறீர்கள். நடப்பது வேறு. 450 உள்ளே போகிறது. 135 வட்டிக்குக் கழிகிறது. மீதி 315 வெள்ளிக்குக் கார்டில் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தை அதே மாதம் டீசல் நிரப்பிவிடுகிறது. இரண்டு ஆண்டாக 9,000 அசையாமல் நிற்பது இதனால்தான். அண்ணனும் இதில் தேய்கிறார். 315 வெள்ளி டீசலுக்கு மாதம் 450 கொடுக்கும் லாரிக்காரர் எப்படி நிமிர்வார்?

ஆகவே துணைக் கார்டை ரத்து செய்யுங்கள். வரம்பைக் குறைப்பது, "இனிமேல் பார்த்துச் செலவு செய்யுங்கள்" என்று சொல்லிவைப்பது எல்லாம் வேண்டாம். முதன்மைக் கார்டு உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது. துணைக் கார்டில் ஆகும் ஒவ்வொரு வெள்ளிக்கும் வங்கி அவரைத்தான் கேட்கும். நாளை வீடு வாங்கக் கடன் கேட்டுப் போனால், மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் பதிவில் பன்னிரண்டு மாதக் கட்டண வரலாற்றை வங்கி பார்க்கும். தவணை தவறியிருந்தால் அது உங்கள் கணவர் பெயரில்தான் தெரியும். அண்ணனின் லாரி அங்கே தெரியாது.

ரத்து செய்த பிறகு, அண்ணன் அதே 450-ஐத் தரட்டும். ஆனால் நிலுவை குறையக் குறைய வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகையும் இறங்கும்; அதோடு சேர்ந்து நீங்களும் இறங்கிவிடக் கூடாது. 450 என்றால் கடைசி வரை 450. புதிய செலவு இல்லாமல் இப்படிக் கட்டினால் 18 விழுக்காட்டிலும் 24 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். வங்கி கேட்பதை மட்டும் கட்டிக்கொண்டு போனால் ஐந்து ஆண்டு முடிவிலும் ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி மிச்சம் இருக்கும். அண்ணனால் தர முடியாத மாதம் வந்தால், கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே அவர் சொல்லிவிட வேண்டும். நீங்கள் காத்திருக்காமல் கட்டிவிடுங்கள். அந்த 90 வெள்ளியாவது மிஞ்சும்.

படிக்க வைத்த அண்ணனுக்கு உதவ வேண்டும் என்ற கணவரின் எண்ணம் தவறில்லை. மாதம் 100 வெள்ளியோ 150 வெள்ளியோ, முடிந்ததை ரொக்கமாகக் கொடுக்கட்டும், திரும்பக் கேட்க வேண்டாம். ஆனால் லாரி ஒரு தொழில். தொழிலுக்கான கடன் தொழில் பெயரில் இருக்க வேண்டும். சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனல் வழியாக இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்கென்றே ஸ்பூமி என்ற கடன் திட்டம் இருக்கிறது. தொழில் பதிவு கேட்பார்கள், பாரம் நிரப்ப அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலைத் தம்பியின் கார்டு இத்தனை நாள் மிச்சப்படுத்திக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இனி உங்கள் கணவரின் மூன்று யோசனைகள்.

பேலேட்டர் வேண்டாம். 1,300 வெள்ளியை ஆறாகப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 217, சின்னத் தொகைபோலத் தெரியும். அண்ணன் தராத மாதம் எது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அந்த மாதம் 450-உம் 217-உம் சேர்ந்து வாசலில் நிற்கும். எதையெடுத்தாலும் தவணையில் வாங்கலாம் என்று கைப்பேசி சொல்லிக்கொண்டே இருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. பழைய கார்டில் டிக்கெட் வாங்குவதும் கூடாது. முந்தைய நிலுவையை முழுதாகக் கட்டுபவருக்குத்தான் இருபது நாள் வட்டியில்லாச் சலுகை. உங்களுக்கு முதல் நாளே வட்டி ஓடத் தொடங்கும்.

விமான மைல் கார்டைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. 18 விழுக்காடு வட்டி கட்டும் வீட்டுக்கு எந்த மைலும் இலவசம் இல்லை. படிவத்தைக் கிழித்துப் போடுங்கள்.

இபிஎஃப் மூன்றாம் கணக்கு 2024 மே மாதம் வந்தது. சந்தாவில் பத்து விழுக்காடு அதில் விழுகிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த வசதியே அதன் ஆபத்து. 2024-இல் இபிஎஃப் தந்த ஈவு 6.30 விழுக்காடு. 5.5 என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், இன்று எடுக்கும் 1,300 வெள்ளி உங்கள் கணவரின் 55 வயதில் ஏறக்குறைய 4,000 ஆகியிருக்கும். பயணத்துக்காக அதைத் தொட வேண்டாம். கடனை அடைக்க எடுப்பது வேறு கணக்கு: ஆறு விழுக்காடு தரும் பணத்தை எடுத்துப் பதினெட்டு விழுக்காட்டுக் கடனை அடைத்தால் லாபம்தான். ஆனால் துணைக் கார்டை நிறுத்தி ஆறு மாதம் போன பிறகு செய்யுங்கள். இப்போதே செய்தால் கார்டில் காலியாகும் இடத்தை மறுபடியும் டீசல் பிடித்துக்கொள்ளும்.

மீதி 1,300 எங்கிருந்து வரும்? அண்ணன் தராத மாதங்களில் கெடு தாண்டியாவது 450-ஐப் புரட்டியிருக்கிறீர்கள். அப்படியானால் மாதம் 260 ஒதுக்க உங்களால் முடியும். சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றுங்கள், ஐந்து மாதத்தில் பணம் சேர்ந்துவிடும். பள்ளி விடுமுறையிலும் ஜூன் தொடக்கத்தில் வரும் காவாய் அறுவடைத் திருநாளை ஒட்டியும் டிக்கெட் விலை ஏறும். ஆண்டு இறுதியில் அங்கே மழை பலமாக இருக்கும். இரண்டையும் தவிர்த்துத் தேதி பாருங்கள்.

ஆற்றங்கரை நகரங்களில் பெரிய செலவு இல்லாமல் மகிழ்ச்சியாக இருக்க முடியும். சரவாக் ஆற்றங்கரையில் மாலை முழுக்க நடக்கக் காசு இல்லை, டாருல் ஹானா பாலத்துக்கும் இல்லை. அக்கரைக்குப் படகில் போகச் சில்லறை போதும். ஒரு காலையை மாத்தாங் மலைக்கு ஒதுக்குங்கள். சரவாக்கை ஆண்ட வெள்ளைக்கார ராஜாக்களான புரூக் குடும்பத்தின் காலத்தில் தோட்ட வேலைக்கு வந்த தமிழர்கள் அங்கே மாரியம்மனுக்குக் கோவில் கட்டினார்கள். நம் ஆட்கள் எவ்வளவு தூரம் போய் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை நின்று பார்த்துவிட்டு வாருங்கள். மைகார்டு (அடையாள அட்டை) இருவரும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். சரவாக்கில் நுழையும்போது கேட்பார்கள்.

ஒன்றே ஒன்று, வரிசை மாறக் கூடாது. வங்கியை அழைப்பதற்கு முன் உங்கள் கணவர் அண்ணன் வீட்டுக்கு நேரில் போகட்டும். இந்தக் கணக்கை, அந்த 135-ஐயும் 315-ஐயும், ஒரு தாளில் எழுதிக் காட்டட்டும். டீசல் நிலையத்தில் நாலு பேர் முன்னால் கார்டு வேலை செய்யாமல் நின்றுதான் தம்பி நிறுத்திவிட்டான் என்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. வளர்த்தவருக்கு அந்த மரியாதையைக் கொடுங்கள். மறுநாள் வங்கி. அதற்குப் பிறகு டிக்கெட் தேடலாம்.