விடியலில் இறங்கும் நாகஸ்வர சுருதி

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் கோயிலில் வாசிக்கிறேன். மார்கழி விடியலில் என் பாரி நாகஸ்வரத்தின் (நீளமான, தாழ்ந்த சுருதி வகை) சுருதி மின்சுருதிப் பெட்டிக்குக் கீழே நிற்கிறது. மேல் ஷட்ஜம் இன்னும் அதிகமாக விழுகிறது. பகலில் தொந்தரவே இல்லை. துளையைச் சற்றுப் பெரிதாக்கலாமா?

பதில்: கூடாது. பகலில் சேருகிற வாத்தியத்துக்குத் துளை சரியாகத்தான் இருக்கிறது. நாகஸ்வரம் செய்யும் ஆச்சா மரத்தில் அரம் பட்டது பட்டதுதான், திரும்ப ஒட்ட முடியாது.

குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறையும், டிகிரிக்கு வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர். உலவுக்குள், அதாவது மரக்குழலுக்குள், காற்று பகலில் 30 டிகிரி, விடியலில் 22 என்றால் சுருதி அரைக்கட்டையில் (அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களின் இடைவெளி) ஏறக்குறைய கால் பங்கு இறங்கிவிடும். சுருதிக்கு ஒத்து என்ற துணைக்குழலைப் பிடித்த காலத்தில் இது காதில் பட்டிருக்காது. ஒத்தும் ஊதுகிற குழல்தானே, குளிரில் கூடவே இறங்கும். மின்பெட்டி நகராது. அதனால் தொடங்குமுன் சில நிமிடம் கீழ் ஸ்தாயியில் மெல்ல ஊதி உலவைச் சூடாக்குங்கள். மிச்சமிருக்கும் வித்தியாசத்துக்குப் பெட்டியின் நுண்திருகைக் குறைப்பதில் வெட்கமில்லை.

ஆனால் குளிர் எல்லா ஸ்வரங்களையும் ஒரே அளவில்தான் இறக்கும். மேல் ஷட்ஜம் தனியாக விழுகிறதென்றால் சீவாளியையும் (வாயில் வைத்து ஊதும் நாணல்) அதைச் செருகும் உலோகக் குழாயான கெண்டையையும் பாருங்கள். நாகஸ்வரம் நுனி வெட்டிய கூம்பு. வெட்டுப்பட்ட நுனிக்குள் இருந்திருக்க வேண்டிய கொள்ளளவை இந்த இரண்டும்தான் ஈடுசெய்கின்றன. இவற்றின் கொள்ளளவு கூடிப்போனால் மேல் ஸ்தாயி முதலில் தாழும். ரொம்ப நேரம் ஊறித் தொளதொளத்த சீவாளி இதைத்தான் செய்யும். கெண்டையில் நூல் அதிகம் சுற்றி அது வெளியே நின்றாலும் இதே கதை: 3 மில்லிமீட்டர் என்பது 60 செ.மீ. காற்றுத்தம்பத்துக்கு அரை சதவீதம், 30 செ.மீ.க்கு ஒரு சதவீதம்; குட்டையான தம்பத்தில்தான் அடி அதிகம்.

முதலில் நூலில் இரண்டு சுற்றைக் குறைத்துக் கெண்டையை உள்ளே இறக்கிப் பாருங்கள். போதவில்லை என்றால் சற்று விறைப்பான சீவாளி. பழையதன் வாயைக் கத்தரிப்பதானால் அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். மீறினால் கீழ் ஸ்வரங்கள் பேச மறுக்கும். விரல் படாத அடித்துளைகளில் சுருதிக்காக வைத்த மெழுகைச் சுரண்டுவதில் பயனில்லை, அது கீழ் ஸ்வரங்களைத்தான் ஏற்றும். உதட்டால் கடித்து ஏற்றுவது இன்னும் மோசம்: நாதம் ஒடுங்கும், கமகத்துக்கு இடமே இருக்காது.

விறைப்பான சீவாளியைத் தனியாகக் கட்டி வையுங்கள். உச்சிக்காலத்தில் அதையே போட்டால் சுருதி பெட்டிக்கு மேலே போய்விடும்.