அதிகப்பிரசங்கி என்று யார் சொன்னது?

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு. முன்பெல்லாம் ஓயாமல் கேள்வி கேட்டு, அதிகப்பிரசங்கி என்று பேர் வாங்கியவன். பள்ளியில் டேப்லெட்டில் பாடம் நடத்த ஆரம்பித்ததிலிருந்து எதையுமே கேட்பதில்லை. தொழில்நுட்பம் குழந்தைகளின் ஆர்வத்தைக் கெடுக்கிறதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: டேப்லெட்டை அப்புறம் பார்ப்போம். அதிகப்பிரசங்கி என்ற பேரை அவனுக்கு வைத்தது யார்? பிரசங்கம் என்றால் நீட்டி முழக்கிப் பேசுவது. உங்கள் பையன் கேட்பது நாலு வார்த்தை: 'நிலா ஏன் கூடவே வருது?' வகுப்பில் நாற்பது நிமிடம் விடாமல் பேசுகிறவர் வாத்தியார். கல்யாண வீட்டில் பந்தி முடிகிற வரை பேசுகிறவர் பெரியப்பா. பட்டம் மட்டும் பையனுக்கு! 'பெரியவங்க பேசும்போது என்ன குறுக்கே?' என்று அடக்குகிறோம். அடங்கிப்போனால் 'தங்கமான பிள்ளை, இருக்கிற இடமே தெரியாது' என்று மெச்சுகிறோம். ஒரு பிள்ளை இருக்கிற இடம் தெரியாமல் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்தது கைடு. இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதி, ஒரு கைடு பதிப்பாளர் போனில் சண்டைக்கே வந்துவிட்டார். பரவாயில்லை, திரும்பவும் எழுதுகிறேன். கைடில் கேள்வியும் அச்சில் இருக்கும், பதிலும் அச்சில் இருக்கும். பிள்ளைக்கு மிஞ்சுவது மனப்பாடம். இப்போது டேப்லெட்டில் வருவதில் பெரும்பகுதி அதே கைடுதான், சத்தமும் கலரும் சேர்ந்திருக்கிறது. நாலு விடை, ஒன்றைத் தொடு, பச்சை விளக்கு, அடுத்தது. கேட்பதெல்லாம் கருவி. பிள்ளை எப்போது கேட்பது?

போன வருடம் ஒரு பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். அவரை விதை முளைக்கிற வீடியோ. தோல் வெடித்து, வேர் இறங்கி, முளை தலையைத் தூக்கி நிமிர்ந்தது. எல்லாம் அரை நிமிடத்தில். இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண், 'இதுக்கு நிஜமா எத்தனை நாள் ஆகும் மிஸ்?' என்றாள். அதற்குள் திரையில் மகரந்தச் சேர்க்கை ஓடிக்கொண்டிருந்தது. வீடியோவை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. மிஸ்ஸின் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பாவம், அவருக்குப் போர்ஷன் முடிக்கிற அவசரம்.

கருவியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1999-இல் டெல்லி கால்காஜியில் சுகதா மித்ரா என்ற கல்வி ஆராய்ச்சியாளர், தன் அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு, பக்கத்துக் குடிசைப் பிள்ளைகளுக்காக ஒரு கணினியை வைத்தார். யாரும் சொல்லித்தராமலே அவர்கள் அதை இயக்கப் பழகினார்கள். பிறகு காளிக்குப்பம் என்ற கிராமத்தில் 10 முதல் 14 வயதுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதேபோல் ஒரு கணினி வைத்து, மூலக்கூறு உயிரியல் பாடத்தைத் தந்தார்கள். அதுவும் இங்கிலீஷில். தாங்களாகவே படித்து, பக்கத்து அரசுப் பள்ளியில் அந்தப் பாடம் நடத்தப்பட்ட பிள்ளைகள் அளவுக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். உயிரியல் தெரியாத, ஆனால் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒரு பெண் அவர்களோடு நின்று உற்சாகப்படுத்தினார். பாட்டி பேரனிடம் 'அட, இதை எப்படிக் கண்டுபிடிச்சே?' என்று வியப்பாளே, அந்த வேலைதான். மதிப்பெண் டெல்லியின் வசதியான தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமமாக ஏறியது.

உங்கள் மகனின் பள்ளியில் டேப்லெட் இருக்கிறது. அந்தப் பாட்டி இருக்கிறாளா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் சாயங்காலம் நீங்கள் அரை மணி நேரம் பாட்டியாக இருங்கள். பதில் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி-பதில் என்றதும் எனக்கு சவாலிராம் ஞாபகம் வருகிறார். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டம் ஒன்று உண்டு. செய்து பார், நீயே கேள் என்பதுதான் பாடமுறை. மனதில் தோன்றியதையெல்லாம் பிள்ளைகள் சவாலிராமுக்குக் கடிதமாக எழுதுவார்கள். அப்படி ஓர் ஆளே கிடையாது, கற்பனைப் பாத்திரம். ஆனால் பதில் வரும்! 2002-இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பையனை எங்களுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதச் சொல்லுங்கள். நிலாவைப் பற்றியே கேட்கட்டும். எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பாதீர்கள். அவன் கையெழுத்திலேயே வரட்டும்.