ஒத்திகை இல்லை

அன்புள்ள ஐயா,
விவால்டி, பாக் இருவரின் இசையையும் கேட்டுப் பழகியவன் நான். அண்மையில் வெனிஸ் இசையமைப்பாளர் டாரியோ காஸ்டெல்லோவின் சொனாட்டா (கருவியிசைப் படைப்பு) ஒன்றைக் கேட்டேன். வேகம் சட்சட்டென்று மாறுகிறது, மெட்டு எதிலும் நிலைக்கவில்லை. பின்னால் வந்த மேதைகளுக்கு இது ஒத்திகைதானா? வயலினில் கேட்பதா, கார்னெட்டோ என்ற பழைய ஊதுகருவியிலா? எந்த ஒலிப்பதிவில் தொடங்கலாம்?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச நாளாகவே இந்த இசையில்தான் கிடக்கிறேன். அதனால் 'ஒத்திகை' என்று நீங்கள் எழுதியது சுருக்கென்று தைத்தது. 1621இல் வெனிஸில் காஸ்டெல்லோவின் முதல் தொகுதி அச்சானபோது விவால்டி பிறக்க இன்னும் 57 ஆண்டுகள் இருந்தன. பிறக்காதவருக்கு யார் ஐயா ஒத்திகை பார்ப்பார்கள்? தன் தொகுதிக்கு 'நவீன பாணி' என்றே தலைப்பிட்டவர் அவர். மெட்டு நிலைக்கவில்லையாம்! அழுகிறவன் நடுவில் பேசுவான், கத்துவான், அடங்குவான். அதைத்தான் வாசிக்கிறார்கள்.

ஒலிப்பதிவா? நல்லதாகக் கிடைப்பது எதுவானாலும் சரி.

கார்னெட்டோவுக்கு வருகிறேன். வளைந்த மரத்தை இரு பாதியாகக் குடைந்து, ஒட்டி, மேலே கறுப்புத் தோல் சுற்றுவார்கள். விரல்துளைகள் புல்லாங்குழல் மாதிரி. ஆனால் டிரம்பெட்போல உதடு அதிர்ந்தால்தான் ஒலி. வாய் வைக்கும் கிண்ணம் சுண்டைக்காய் அளவு. பலர் அதை உதட்டோரத்தில் வைத்துத்தான் ஊதினார்கள். அந்தச் சின்னக் கிண்ணத்தில் சுருதி பிசகாமல் நிற்பது பெரும்பாடு. மனிதக் குரலைப் பின்பற்ற இதை விஞ்சிய கருவி இல்லை என்று, வெனிஸின் சான் மார்க்கோ தேவாலய வாத்தியக் குழுவை நடத்திய ஜிரோலமோ டல்லா காசா 1584இலேயே எழுதினார். இசையமைப்பாளர் மான்டெவெர்டியின் 1610 வெஸ்பர்ஸில் (மாலை வழிபாட்டு இசை), மாக்னிஃபிகாட் என்ற துதிப்பாடலின் 'டெபோசுயிட்' பகுதியைக் கேளுங்கள். ஒரு கார்னெட்டோ சொல்வதை இன்னொன்று தூரத்திலிருந்து திருப்பிச் சொல்லும். அப்புறம் அதே வேலையை இரண்டு வயலின்கள் எடுத்துக்கொள்ளும். வில்லுக்கும் மூச்சு உண்டு என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

1630இல் கொள்ளைநோய் வந்தது. வெனிஸ் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் போனார்கள். காஸ்டெல்லோ காலத்து இன்னொரு இசையமைப்பாளரான ஃபொன்டானாவும் அந்த நோயில்தான் இறந்தார். அவருடைய சொனாட்டாக்கள் 1641இல்தான் அச்சேறின. வயலின் பிழைத்து ஊரெல்லாம் பரவியது, கார்னெட்டோ மெல்ல வழக்கொழிந்தது. தோற்றதனால் அது அரைகுறைக் கருவி ஆகிவிடுமா? வென்றவர்கள் பக்கம் நின்றுகொண்டு பின்னால் பார்க்கும் இந்தப் பழக்கத்தை விடுங்கள், தயவுசெய்து.

1629இல் வந்த காஸ்டெல்லோவின் இரண்டாம் தொகுதியின் இரண்டாவது சொனாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 'தனி சோப்ரானோ' (ஒற்றை மேல்ஸ்தாயிப் பகுதி) என்று மட்டுமே போட்டிருக்கிறார், கருவியைச் சொல்லவில்லை. வயலினில் ஒருமுறை, கார்னெட்டோவில் ஒருமுறை, விவால்டியை மறந்துவிட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.