இசைவாணையின் பின்பக்கம்: வாசகர் கேள்வி பதில்

மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி (இசைவாணை), ஆய்வு, நோட்டீஸ் பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

மேலூர் பக்கம் எங்கள் சொந்த நிலத்தில் நாளுக்கு 10 டன் நெல் அவிக்கும் ஆலை போடுகிறோம். அஸ்திவாரம் முடிந்துவிட்டது. வாரியத்தில் எப்போது போய் நிற்க வேண்டும்?
– வாசகர், மேலூர்

அஸ்திவாரத்துக்கு முன்பே போயிருக்க வேண்டும். முதலில் ஆலையை நிறுவ இசைவு, கட்டி முடித்து இயந்திரம் பொருத்தியபின் இயக்க இசைவு. இரண்டையும் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படியும் 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டப்படியும் தனித்தனியே வாங்க வேண்டும். வேலையை இப்போதே நிறுத்திவிட்டு இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். ‘காலி மனை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொறியாளர் இடத்தைப் பார்க்க வருவார்.

பத்திரம், வரைபடம், உற்பத்தி முறை விளக்கம், நிலையான சொத்து மதிப்புக்கு ஆடிட்டர் சான்று எல்லாம் வேண்டும். அந்தச் சொத்து மதிப்பை வைத்துத்தான் கட்டணம். காகிதங்களில் இழுத்தடிப்பவை இரண்டு. ஒன்று, நிலப் பயன்பாட்டுச் சான்று: விவசாயப் பகுதி என்று குறித்திருந்தால் வகை மாற்றம் முடியும்வரை விண்ணப்பம் நகராது. மற்றது, ஒரு கிலோமீட்டர் சுற்றளவு வரைபடம். கண்மாய், ஊருணி, பள்ளிக்கூடம், கோயில், வீடுகள் அனைத்தும் அதில் இருக்க வேண்டும். வற்றிக் கிடக்கிறதே என்று கண்மாயை விட்டுவிட்டுப் படம் போட்டால் கேள்வியோடு திரும்பி வரும்.

இனி தண்ணீர்க் கணக்கு. ஒரு கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றேகால் லிட்டர் ஊறல் தண்ணீர் வெளியேறும். உங்கள் 10 டன்னுக்கு 10 முதல் 12.5 கிலோலிட்டர் (ஒரு கிலோலிட்டர் 1,000 லிட்டர்). தொட்டிச் செலவு குறையட்டும் என்று 3 கிலோலிட்டர் என விண்ணப்பத்தில் போடுபவர்கள் உண்டு. பின்னாளில் சிக்குவதும் அவர்கள்தான். மின் கட்டண ரசீதும் நெல் கொள்முதல் பதிவேடும் ஆலை எவ்வளவு ஓடியது என்பதைச் சொல்லிவிடும்.

பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டால் தண்ணீர் புளித்து நாறும். ஊரே திரண்டு மனுக் கொடுப்பது பெரும்பாலும் இந்த நாற்றத்துக்காகத்தான். 65–70 டிகிரி வெந்நீரில் நான்கு மணி நேரத்தில் நெல் ஊறிவிடும், புளிப்பும் குறைவு. சுத்திகரிப்புக்கு, பதரும் உமியும் நிற்கச் சல்லடை, கலந்து சமனாக ஒரு தொட்டி, சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறித்தல், காற்றில்லாத் தொட்டி, காற்றூட்டும் தொட்டி, தெளிவுத் தொட்டி, சகதி உலரப் பாத்தி என்ற வரிசை போதும்.

கெட்டுப்போவது எப்போதும் காற்றூட்டும் தொட்டிதான். ஞாயிற்றுக்கிழமை ஆலை லீவு என்று காற்றை ஊதும் ப்ளோயரையும் நிறுத்துவார்கள். திங்களன்று நுண்ணுயிர் செத்துத் தொட்டி கறுத்துக் கிடக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்சிஜன் எந்நேரமும் கரைந்திருக்க வேண்டும். நுண்ணுயிருக்குத் தீனியும் வேண்டும். கழிவை நுண்ணுயிர் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவான பி.ஓ.டி. 100 என்றால் நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற விகிதம். தொட்டிக்குள் நாளுக்கு 10 கிலோ பி.ஓ.டி. போனால் அரைக் கிலோ நைட்ரஜன், 100 கிராம் பாஸ்பரஸ் தேவை. அதாவது ஏறக்குறைய ஒரு கிலோ யூரியா, அரைக் கிலோ டி.ஏ.பி. கழிவுநீரிலேயே எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்துவிட்டு, குறைவதை மட்டும் போடுங்கள்.

சுத்திகரித்த நீரை ஓடை, கண்மாயில் விட பி.ஓ.டி. பொது வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம், நிலத்தில் பாய்ச்ச 100. உங்களுக்கு எது, எவ்வளவு என்பது இசைவாணையின் நிபந்தனைப் பக்கங்களில் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு அந்தப் பக்கங்களைப் பீரோவில் பூட்டி வைக்கும் ஆலைகள்தான் அதிகம். போர்வெல் தண்ணீரைக் கலந்து பி.ஓ.டி. அளவைக் குறைக்கும் வேலை வேண்டாம். உள்ளே போன அளவைவிட வெளியே வந்தது கூடியிருப்பதை மீட்டர் காட்டும்.

சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறோம். சாயக்கூலி கட்டுபடியாகவில்லை. வீட்டுக் கொல்லையிலேயே தொட்டி கட்டிச் சாயம் ஏற்றலாமா? 200 லிட்டர் தொட்டி ஒன்றுதான்.
– வாசகி, செல்லூர்

முடியாதம்மா. அதிக மாசு தரும் தொழில்களை ஆறு, ஓடைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அனுமதிப்பதை 1989ஆம் ஆண்டு அரசாணை எண் 213 தடுக்கிறது. 1998இல் வந்த அரசாணை எண் 127, வைகை உள்ளிட்ட ஆறுகளுக்கு அந்தத் தூரத்தை 5 கிலோமீட்டராக்கியது. சாயத் தொழில் இந்தப் பட்டியலில் இருக்கிறது. செல்லூரில் எந்தக் கொல்லையிலிருந்து அளந்தாலும் வைகை அதற்குள் வந்துவிடும். முடிச்சுப் போடுவதற்கும் பிரிப்பதற்கும் தடை கிடையாது.

200 லிட்டர்தானே என்று தோன்றும். ரியாக்டிவ் சாயத்துக்கு லிட்டருக்கு 40 கிராம் உப்புப் போட்டால் ஒரு தொட்டியில் 8 கிலோ உப்பு. நீரில் கரைந்திருக்கும் திடப்பொருளின் அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 40,000 மில்லிகிராம். வரம்பு 2,100. நுண்ணுயிர் உப்பைத் தின்னாது, சுண்ணாம்பு போட்டாலும் உப்பு இறங்காது. தண்ணீர் ஊற்றிக் குறைக்கலாமென்றால், போர்வெல் நீரிலேயே டி.டி.எஸ். 1,000 இருக்கும்போது 35 மடங்கு தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ.வில் பிரித்து, மிஞ்சும் உப்பு நீரைக் காய்ச்சி வற்றவைப்பதுதான் வழி. அந்தச் செலவைத் தவிர்த்ததால்தான் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருப்பதால் சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கூலிக்குக் கொடுக்கும் பட்டறையிடம் இயக்க இசைவாணை நகலைக் கேட்டு, முடியும் தேதியைப் பாருங்கள். அவர்கள் பட்டறைக்குச் சீல் விழுந்தால் உள்ளே மாட்டிக்கொள்வது உங்கள் சேலை.

விண்ணப்பித்து நான்கு மாதம் பதில் வராவிட்டால் இசைவு கிடைத்ததாகவே கணக்கு என்கிறாரே எங்கள் கன்சல்டன்ட்?
– வாசகர், கப்பலூர்

பாதி உண்மை. நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் அப்படி இருக்கிறது. காற்றுச் சட்டம் நான்கு மாதத்துக்குள் முடிவெடுக்கச் சொல்கிறதே தவிர, எடுக்காவிட்டால் இசைவு கிடைத்ததாக எங்கும் சொல்லவில்லை. கொதிகலன் புகைக்குக் காற்றுச் சட்ட இசைவும் தேவை என்பதால், அதை வைத்திருப்பவர் கன்சல்டன்ட் சொல்வதை நம்பி ஆலையை ஓட்டக்கூடாது.

பக்கத்துத் திருமண மண்டபத்தின் ஜெனரேட்டரும் ஸ்பீக்கரும் முகூர்த்த நாளில் தூங்க விடுவதில்லை. யாரிடம் போவது?
– வாசகர், விளாங்குடி

இரண்டும் இரண்டு இடம். ஸ்பீக்கருக்குக் காவல் துறை, ஜெனரேட்டருக்கு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். ஒரே மனுவில் இரண்டையும் எழுதினால் ஒருவர் மற்றவருக்குத் தள்ளிவிடுவார்.

குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. வரம்பைவிட 10 டெசிபல் கூடினால் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி புகார் செய்யலாம். கைபேசிச் செயலியில் காட்டும் எண் சான்றாகாது. அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்க மட்டுமே அது பயன்படும். அடுத்த முகூர்த்தத் தேதிகளை மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். மண்டபம் பூட்டிக் கிடக்கும் நாளில் வந்து அளந்து ‘சத்தமில்லை’ என்று எழுதிப்போவது வழக்கம்.

ஜெனரேட்டர் ஒலித்தடுப்புக் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது. புகைக்குழாய் உயரத்துக்கும் சூத்திரம் உண்டு: ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் கே.வி.ஏ.யின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கி, கட்டட உயரத்தோடு கூட்ட வேண்டும். 62.5 கே.வி.ஏ. என்றால் கூரைக்கு மேல் ஏறக்குறைய 1.6 மீட்டர். தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தாலே தெரியும்.

கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். ஒரு மாதம் கழித்து, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய தகவல் உரிமை மனுவில் மண்டபத்தின் இசைவாணை நகலையும் ஆய்வறிக்கை நகலையும் கேளுங்கள். ‘ஏன் நடவடிக்கை இல்லை’ என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் வராது, நகலுக்கு வரும்.

கழிவுநீர் மாதிரி எடுத்துப்போனார்கள். பி.ஓ.டி. 180 என்று காரணம் கேட்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் போதும் என்கிறார்கள்.
– வாசகர், திருப்பரங்குன்றம்

கொடுக்காதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட காகிதமாகக் கோப்பில் உட்கார்ந்திருக்கும். நோட்டீஸில் உள்ள கெடுவைப் பாருங்கள், பெரும்பாலும் 15 நாள்.

சட்டப்படியான மாதிரியாக இருந்தால், உங்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, உங்கள் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். பி.ஓ.டி. மாதிரி ஐஸில் இருக்க வேண்டும், தாமதமாகச் சோதித்தால் எண் மாறும். எடுத்த தேதியையும் சோதனை தொடங்கிய தேதியையும் அறிக்கையில் ஒப்பிடுங்கள். ஆனால் உங்கள் ப்ளோயர் உண்மையிலேயே ஓடவில்லை என்றால் இந்த வாதத்தில் நாளைக் கடத்தாதீர்கள். பதிலில் எந்தப் பாகம் எந்தத் தேதியில் பழுது, மாற்றியதற்கு ரசீது, சுத்திகரிப்பு நிலையத்தின் தனி மின் மீட்டர் பதிவு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் புது முடிவு ஆகியவற்றை இணையுங்கள்.

அவசரத்துக்குக் காரணம், மீறலுக்கு ஆலை கட்ட வேண்டிய இழப்பீட்டுச் சூத்திரம். மத்திய வாரியத்தின் கணக்குப்படி மாசுக் குறியீடு, மீறல் நாட்கள், ரூபாய்க் காரணி, ஆலையின் அளவு, இட அமைவு ஐந்தையும் பெருக்க வேண்டும். ஆரஞ்சு வகை (நடுத்தர மாசு தரும்) சிறு ஆலைக்கு மாசுக் குறியீடு 50 × ரூபாய்க் காரணி 250 × ஆலையின் அளவு 0.5, அதாவது நாளுக்கு 6,250 ரூபாய். மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டிய நகரத்தின் எல்லையிலோ அருகிலோ இருந்தால் 1.25 மடங்கு, 7,812 ரூபாய். நாளுக்கு 5,000க்குக் கீழே இறங்காது. நாட்கள் எண்ணப்படுவது மீறலைக் கண்ட நாளிலிருந்து, சரியாகிவிட்டதை வாரியம் உறுதிசெய்யும் நாள்வரை. எனவே பழுது நீங்கிய அன்றே எழுத்தில் தெரிவித்து, மறு ஆய்வு கேட்டு, ஒப்புகை வாங்குங்கள்.

இழப்பீடு கட்டியதும் ஆலையை ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். மூடல் உத்தரவு வந்திருந்தால், அது எழுத்தில் விலக்கப்பட்டு மின்வாரியத்துக்கு நகல் போனபிறகுதான் மின் இணைப்பு திரும்பும்.