ஊர்ப் பெரியவர்களை நம்பிக் காத்திருக்காதீர்கள்

லண்டன் வந்து இரண்டு வருடம், கணவர் பிரிந்து போய்விட்டார், ஐந்து வயது மகளின் செலவுக்குக் காசு தருகிறார் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. வாடகை, பள்ளிக்கூடம் பற்றி கவுன்சிலில் கேளுங்கள், சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது காசு விஷயம்தான்.

பிரிந்து போன தகப்பனிடமிருந்து பிள்ளைச் செலவுக் காசை வாங்கித் தருகிற அரசாங்க சேவை, சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ். இன்றைக்கே அதற்கு விண்ணப்பம் போடுங்கள். 2015இல் எனக்கு இதே நிலைமை. கோயிலில் மூன்று பெரியவர்கள் என் கணவரைக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். இரண்டு மாதம் காசு வந்தது, அப்புறம் இல்லை. 'பொறு பிள்ளை, மானம் போகும்' என்றார்கள். ஒன்பது மாதம் பொறுத்தேன். விண்ணப்பிப்பதற்கு முந்தைய மாதங்களுக்கு ஒரு சதமும் வராது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது 20 பவுண் கட்டணமும் இருந்தது, 2024இல் எடுத்துவிட்டார்கள்.

விசாவுக்குப் பிரச்சினை வருமா என்று பயப்படுகிறீர்கள். இது அரசாங்க உதவிப் பணம் இல்லை, தகப்பன் கொடுக்க வேண்டிய காசு.

எங்கள் ஆட்களின் கெட்டித்தனம் வேறு இடத்தில். ஆறு நாளும் கடையில் நிற்கிற மனிசனுக்குச் சம்பளச் சீட்டில் வாரம் 250 பவுண், மிச்சம் கையில். சர்வீஸில் வரிக் கணக்கில் உள்ள வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரு பிள்ளைக்கு 12 வீதம், அதாவது 30 பவுண். 600 காட்டியிருந்தால் 72. இதற்குக் கடை முதலாளியும் உடந்தை. அவரே கோயில் திருவிழாவுக்கு உபயகாரர்! காட்டுகிற வருமானமும் வாழ்கிற வாழ்க்கையும் பொருந்தாவிட்டால் சர்வீஸின் நிதி விசாரணைப் பிரிவு பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

காசைக் கையில் வாங்காதீர்கள், வங்கியில் போடச் சொல்லுங்கள். ஒழுங்காகத் தராவிட்டால் சர்வீஸே அவரிடம் அறவிட்டுத் தரும். அதற்குக் கட்டணமாக அவருக்கு 20 வீதம் கூடும், உங்களுக்கு 4 வீதம் குறையும். சம்பளத்தில் நேரே வெட்டலாம். ஆனால் என்னவர் கடை கடையாக மாறினார், நானும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினேன்.

இன்னொன்று. வருடத்தில் 52 இரவு பிள்ளை அவரோடு தங்கினால் ஏழில் ஒரு பங்கு குறையும். வாரம் ஓர் இரவுதான் கணக்கு. அதுவரை எட்டிப் பார்க்காத என்னவருக்குத் திடீரென்று வெள்ளிக்கிழமைப் பாசம் வந்தது. வராத வெள்ளிகளை எல்லாம் ஒரு கொப்பியில் குறித்தேன். விடிய நாலு மணிக்குத் துப்புரவு வேலை, இரவில் அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கடிதம். அந்தக் கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. பாதிப் பக்கங்களில் மகன் கார் கீறி வைத்திருக்கிறான்.