டொரன்ட் நோட்டிஸ் வந்தால், பில்லில் பெயர் இருக்கிறவர்தான் குற்றவாளியா?

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் தங்கச்சிக்கு இன்டர்நெட் கம்பனியிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவர்களுடைய இணைப்பில் யாரோ டொரன்டில் (கணினிகள் ஒன்றுக்கொன்று கோப்பைத் துண்டு துண்டாகப் பகிரும் முறை) படம் இறக்கினார்களாம், 5,000 டொலர் வரை நட்டஈடு கட்ட நேரலாமாம். வெள்ளவத்தையில் எங்கள் அனெக்ஸில் குடியிருக்கும் பொடியனும் எங்கள் வைஃபையில்தான் டொரன்ட் போடுகிறான். நாங்களும் மாட்டுவோமா?

பதில்: இரண்டும் வேறு வேறு நாட்டுச் சட்டம். ஒன்றைப் பார்த்து மற்றதுக்குப் பயப்பட வேண்டாம். "நீர் என்ன சட்டத்தரணியா" என்று கீழே ஒருவர் கேட்கத்தான் போகிறார். இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும். நான் எழுதுவது அதற்கு முந்தின கட்டத்தைப் பற்றி.

முதலில் தங்கச்சியின் விஷயம். கனடாவில் 2015 ஜனவரியிலிருந்து உள்ள முறை இது: பட உரிமையாளர் ஐபி முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்), நேரம், படத்தின் பெயர் மூன்றையும் எழுதி இன்டர்நெட் கம்பனிக்கு அனுப்புவார். கம்பனி அதை வாடிக்கையாளருக்கு அப்படியே தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான் அதன் கடமை. தங்கச்சியின் பெயரோ விலாசமோ உரிமையாளருக்கு இந்தக் கட்டத்தில் போகாது. கம்பனி அந்தப் பதிவை 6 மாதம் வைத்திருக்கும், அதற்குள் வழக்கு வந்தால் ஒரு வருடம். பெயர் வேண்டுமானால் நீதிமன்றக் கட்டளை வேண்டும். 5,000 என்பது வியாபார நோக்கமில்லாத மீறலுக்கு நீதிமன்றம் விதிக்கக்கூடிய சட்டபூர்வ நட்டஈட்டின் உச்சவரம்பு. கீழ்வரம்பு 100 டொலர். அது பில் அல்ல.

மின்னஞ்சலில் "இங்கே அழுத்திப் பணம் கட்டுங்கள்" என்று இருந்தால் கட்டக் கூடாது. பணம் கேட்கும் வாசகமோ அதற்கான இணைப்போ நோட்டிஸில் இருக்கக் கூடாது என்று 2018 டிசம்பரில் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். உரிமையாளருக்குப் பதில் எழுதவும் வேண்டாம். எழுதினால் பெயரை நாமே தூக்கிக் கொடுத்ததாகும்.

நேரத்தைப் பார்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். நோட்டிஸில் பெரும்பாலும் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரம்தான் போடுவார்கள். ஜூலை மாத ஞாயிறு 02:10 என்று இருந்தால் "நாங்கள் எல்லோரும் நித்திரை" என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஸ்காபரோவில் அது சனி இரவு 10:10, பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம்.

பெடரல் நீதிமன்ற உரிமைக் கோரிக்கைப் பத்திரம், அதாவது வழக்குப் போட்ட பத்திரம், கையில் வந்தால் கதையே வேறு. கனடாவுக்குள் கொடுக்கப்பட்டால் 30 நாளுக்குள் எதிர்வாதம் போட வேண்டும். இணைப்பு இவர் பெயரில் இருக்கிறது என்பதால் மட்டும் இவர்தான் செய்தார் என்று ஆகாது என்ற போக்கில்தான் 2023இல் பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. அதை நம்பிப் பத்திரத்தை மேசை லாச்சிக்குள் போட்டுவிடாதீர்கள்.

(ஜேர்மனியில் சொந்தக்காரர் இருந்தால்: அங்கே உரிமையாளரின் சட்டத்தரணியே நேரடியாகக் காலக்கெடுவோடு கடிதம் போடுவார். அதைக் கவனிக்காமல் விடவும் கூடாது, கூட வரும் உறுதிமொழிப் பத்திரத்தில் அப்படியே கையெழுத்து வைக்கவும் கூடாது.)

இனி வெள்ளவத்தை. இங்கே இலங்கையில் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பதிப்புரிமையை வேண்டுமென்றே மீறினால் நீதவான் 5 லட்சம் ரூபா வரை தண்டமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். "வேண்டுமென்றே" என்ற சொல்லைக் கவனியுங்கள். கனடாவைப் போல நோட்டிஸ் தள்ளிவிடும் ஏற்பாடு இந்தச் சட்டத்தில் இல்லை. அதற்காக டொரன்ட் இங்கே சட்டபூர்வம் என்று நான் சொன்னதாக யாரும் எழுத வேண்டாம். டொரன்ட் இறக்கும்போதே, இறங்கின துண்டுகளை மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கும். "நான் பார்க்க மட்டும்தான் எடுத்தேன்" என்ற வாதம் அங்கேதான் விழுகிறது.

செய்ய வேண்டிய வேலை ரவுட்டரில் இருக்கிறது. பல ரவுட்டர்களில் 192.168.1.1 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கும். அடியில் ஒட்டியிருக்கும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்ட் அடிக்காமல் வைஃபையில் சேரும் வசதி) நிறுத்துங்கள், பொடியனுக்கு கெஸ்ட் நெட்வேர்க் ஒன்று வேறு பாஸ்வேர்டோடு கொடுங்கள். ஆனால் ஒன்று: கெஸ்ட் நெட்வேர்க் உங்கள் கணினிகளைத்தான் பிரித்துக் காக்கும், வெளியே தெரிவது அதே ஐபி முகவரிதான். போர்ட்டை (தரவு போய்வரும் வாசலின் எண்) அடைத்து டொரன்டை மறிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நடக்காது, அது போர்ட்டை மாற்றி மாற்றிப் போகும். உருப்படியான வழி, பொடியன் தன் அடையாள அட்டையில் ஒரு 4ஜி ரவுட்டர் எடுத்துக்கொள்வதுதான். வாடகையில் ஆயிரம் குறைத்தாவது அதைச் செய்யுங்கள்.

அதே பக்கத்தில் வான் ஐபி (WAN IP, இன்டர்நெட் கம்பனி ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி) என்ற இடத்தையும் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன என்று அர்த்தம். அப்போது ஐபியும் நேரமும் மட்டும் வைத்து உங்கள் வீட்டைப் பிடிக்க முடியாது, போர்ட் எண்ணும் வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். டொரன்ட்காரன் நிம்மதியாக இருக்கிறான். கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் வாசித்ததை யூடியூபில் போட்ட கோயில் ஐயருக்கு உரிமைக் கோரல் வருகிறது. வாசித்தது தியாகராஜர் கிருதி. அவர் மறைந்தது 1847இல்! எங்கோ ஒரு ஒலிப்பதிவோடு இயந்திரம் ஒப்பிட்டுவிட்டதாம். கோரல் வேறு, ஸ்ட்ரைக் (காணொளியை நீக்கிக் கணக்கில் போடும் எச்சரிக்கை) வேறு. கோரலை மறுத்தால் எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். ஸ்ட்ரைக்கை எதிர்த்து எதிர் அறிவித்தல் போடுவதானால் உங்கள் முழுப்பெயரும் விலாசமும் எதிர்த்தரப்புக்குப் போகும், அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்கும் சம்மதிக்க வேண்டும். பஞ்சாமிர்தம் கரைக்கிற ஐயருக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்?

தங்கச்சிக்கு இன்று செய்யச் சொல்ல வேண்டியது: அந்த மின்னஞ்சலை அழிக்காமல் பிடிஎஃப்பாக எடுத்து வைக்கட்டும், பிள்ளைகளின் லப்டொப்பில் டொரன்ட் செயலி இருக்கிறதா என்று பார்க்கட்டும்.