பனிக்காலத்தில் மோட்டார்ஹோம் பேட்டரிகளைக் கழற்ற வேண்டுமா?

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோவில் வசிக்கிறோம். பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கியிருக்கிறோம். அதன் விளக்குகளும் தண்ணீர் பம்பும் இரண்டு 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகளில் இயங்குகின்றன. அக்டோபரில் நிறுத்தினால் மே மாதம்தான் வண்டியை எடுப்போம். அதுவரை பேட்டரிகளை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. முழு சார்ஜில் உள்ள பேட்டரியின் ஆசிட் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் தீரத் தீர ஆசிட் நீர்த்துப்போகும். அடியோடு தீர்ந்த பேட்டரி மைனஸ் 10 டிகிரி வாக்கிலேயே உறைந்து, பெட்டி விரிசல் விட்டுவிடும். அப்படி உறைந்ததற்கு சார்ஜ் போடவே கூடாது, வெடிக்கலாம்.

'எல்லாவற்றையும் அணைத்துவிட்டோமே' என்று இருந்துவிடாதீர்கள். கேஸ் கசிவை எச்சரிக்கும் கருவி இரவும் பகலும் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். பல வண்டிகளில் மெயின் சுவிட்சை அணைத்தாலும் அது அணையாது. ஆகவே முழுக்க சார்ஜ் ஏற்றியபின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்தால், இரண்டும் சேர்ந்து 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். மாதம் ஒருமுறை பாருங்கள், 12.4க்கு இறங்கினால் மறுபடி சார்ஜ் ஏற்றுங்கள்.

டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் ஏறிய பிறகே ஊற்ற வேண்டும்; சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால், முன்பே நிரப்பினால் ஆசிட் வழிந்துவிடும். தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முதலில் கொஞ்சம் ஊற்றலாம். ஆசிட் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

இனி நான் வற்புறுத்திச் சொல்வது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். பேட்டரி அறையைத் திறந்து வையுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். நெகட்டிவ் இணைப்பில் இருக்கையில் பாசிட்டிவைத் திருகும் ஸ்பானர் வண்டியின் உடலைத் தொட்டால், மின்சாரம் பாய்ந்து ஸ்பானரே உருகும். 12 வோல்ட்தானே என்ற அலட்சியம் ஆபத்தானது. ஸ்பானரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஆசிட் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவியபடி இருங்கள். உடனே மருத்துவ உதவிக்கு அழைக்கச் சொல்லுங்கள்.

பின்னாளில் லித்தியம் பேட்டரிக்கு மாறினால் ஒன்றைக் கவனியுங்கள்: அதற்குள் வெப்பமூட்டும் வசதி இல்லாவிட்டால், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது.